விரால் குடலும் போளூர் சம்பந்தமும்

தூத்துக்குடி
2 ஜூலை 2024

ஆரணி, பட்டு நெசவாளர் ஜெகநாதன் அவர்களுக்கு,

உங்கள் மகள் பானுப்ரியா எழுதுவது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நானும் கேட்கப்போவதில்லை. உங்கள் எண்ணையும் பாஞ்சாலை அத்தை எண்ணையும் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். அதை எடுக்கும் எண்ணம் இல்லாததால்தான் இந்தத் தபால்.

மே மாதம் போளூரிலிருந்து சுதாகர் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "மீன் படிப்பெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குங்க. கல்யாணத்தோட நிறுத்திடுவா." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அடுப்படியில் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சம்பந்தப் பேச்சு முழுசாக ஓயும்வரை ஆரணியில் கால் வைக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு மீன் வேண்டும். கண்ணமங்கலம் பக்கம் உங்கள் நண்பர் சடையன் மாமா குளத்து விராலில் முள்தலைப் புழு இருப்பதைப் போன கோடையில் பார்த்தேன். அந்தக் குளத்தை வைத்துத்தான் என் ஆய்வு பதிவாகியிருக்கிறது. டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ரத்தானால் நான் எங்கே வந்து நிற்க வேண்டியிருக்கும், யார் தாலியோடு காத்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இருபது விரால். குளக்கரையிலேயே வெட்டி, குடலை அப்படியே எடுத்து, கெடாமல் இருக்க உடனே பாட்டிலில் இருக்கும் மருந்தில் போட வேண்டும். ஒரு மீனுக்கு ஒரு பாட்டில். பாட்டில்கள் பார்சலில் வரும். முடியும், முடியாது என்று மட்டும் எழுதவும்.

பானுப்ரியா


ஆரணி
10 ஜூலை 2024

அன்புள்ள பாப்பா பானுவுக்கு,

அப்பா சௌக்கியம். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன், கடிதம் என்றால் அந்த இடத்தில் ஏதாவது எழுத வேண்டுமே. நீயும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

போனில் என்னைத் தடுத்துவிட்டாய். தபால்காரரைத் தடுக்க உன் போனில் பட்டன் இல்லை போலிருக்கிறது, அந்த மட்டும் சந்தோஷம். எட்டாவது வரை ஒழுங்காகவும், ஒன்பதாவதை இரண்டு தடவையும் படித்த எனக்கு 'பட்டு நெசவாளர் ஜெகநாதன் அவர்களுக்கு' என்று ஒரு கடிதம் வந்ததே பெரிய மரியாதை. தெருவில் நான்கு பேருக்குக் காட்டினேன். உள்ளே இருப்பதைக் காட்டவில்லை.

முடியும்.

சடையனிடம் போய்ச் சொன்னேன். "மீனு துன்றதுக்கு வருவானுங்க, பாத்துக்கீறேன். கொடலு துன்றதுக்கா?" என்றான். துன்றதுக்கு இல்லைடா, படிக்கிறதுக்கு என்றேன். உடனே அவன், "நீ ஒம்பதாவது பெயிலானது ஞாயந்தான்" என்றான். படிப்பது நீ, பெயில் நான். என்ன கணக்கோ.

ஒரு சந்தேகம். புழு வந்தால் மீன் செத்துப்போகும், இல்லை பிழைத்துக்கொள்ளும். நடுவில் குடலுக்கு என்ன வேலை? எனக்குப் புரிகிற மாதிரி எழுதினால் யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா
ஜெகநாதன்


தூத்துக்குடி
25 ஜூலை 2024

அப்பாவுக்கு,

என் படிப்பைப் பற்றி ஊரில் நீங்கள் சொல்லிக்கொண்டது போதும். ஆனாலும் கேட்டதால் எழுதுகிறேன்.

இந்தப் புழுவின் தலை முழுக்கக் கொக்கி. அதைக் குடல் சுவரில் குத்தி நுழைத்துக்கொண்டு, மீன் தின்பதைத் தானும் தின்னும். குடல் முதலில் வழவழப்பாகச் சளியைச் சுரந்து புழுவை வழுக்கித் தள்ளப் பார்க்கும். அதற்குப் போகாவிட்டால் காவல்காரச் செல்கள் குத்திய இடத்தில் வந்து கூடும், அந்த இடம் வீங்கும். அதற்கும் போகாவிட்டால் குடல், தலையைச் சுற்றி நாரால் ஒரு சுவரைக் கட்டிவிடும். அந்தச் சுவரால் குடலின் வழி குறுகி மீன் மெலியும். அதற்காகக் குடல் கட்டாமல் இருப்பதில்லை. எந்தக் கட்டத்தில், எத்தனை புழுவுக்கு, எவ்வளவு தடிமனில் கட்டுகிறது என்பதுதான் என் ஆய்வு.

குடலுக்கு மறதி கிடையாது என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். எனக்கும் கிடையாது.

இப்போது நான் கேட்கிறேன். போளூர்ப் பேச்சு இன்னும் நடக்கிறதா? ஆமாம், இல்லை. ஒரு வார்த்தை.

பானுப்ரியா


ஆரணி
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கண் எரிச்சலைத் தவிர. அதற்குக் காரணம் உன் பாட்டில்கள்தான்.

இருபதும் உடையாமல் வந்து சேர்ந்தன. உள்ளே என்ன வாசனை என்று பார்க்கலாமே என ஒன்றைத் திறந்து மோந்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோடு உன் அத்தை வந்தாள். "பொண்ண நெனச்சி அழுதுகினு கீறியாடா? பெத்தவன் மேல பாசம் இருந்தா ஓடியிருக்குமா அது?" என்றாள். மருந்து நெடி அக்கா என்று சொன்னால் நம்பவில்லை. நான் அழுகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உன் அம்மா போனதிலிருந்து அவள் வீட்டுச் சோறுதான் தின்கிறேன், அதனால் ரொம்ப மறுத்துப் பேசவும் முடியாது.

சடையன் புரட்டாசி பிறந்ததும் குளத்துக்குப் புழு மருந்து போடப்போகிறானாம். "ஐப்பசியில ஏவாரிங்கோ வருவாங்கோ. இப்படி ஒல்லியா கீற மீனைக் காட்டினா மூஞ்சில துப்புவாங்கோ" என்கிறான். அதற்கு முன்னால் பிடித்தாக வேண்டும். விநாயகர் சதுர்த்தி கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மழை அவ்வளவாக இல்லை. தறியில் மாம்பழ மஞ்சள் சேலை ஓடுகிறது, அரக்கு பார்டர்.

உன் அப்பா
ஜெகநாதன்


தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு,

ஒரு வார்த்தை கேட்டேன். மாம்பழ மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

புரிந்துவிட்டது.

பானுப்ரியா


ஆரணி
11 செப்டம்பர் 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்ததும் இன்னும் சுகமாக இருப்பாய்.

வேலை முடிந்தது. ஞாயிறு காலை சடையன் வலை வீசினான், நான் வலையின் இன்னொரு முனையைப் பிடித்தேன். பிடித்தேன் என்பதைவிட, அது என்னைப் பிடித்து இழுத்துக் குளத்தில் உட்காரவைத்தது என்பதுதான் சரி. விரால் கையில் நிற்கிற ஜாதியா? ஒன்று என் சட்டைக்குள் போய் முதுகு வழியாக வெளியே வந்தது.

குடல்களைச் சும்மா அனுப்பியிருப்பேன் என்று நினைக்காதே. வெளிச்சம் நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் திறந்து, சேலையில் பிசிறு எடுக்கிற சின்ன இடுக்கியால் புழுவை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். சும்மா இழுத்தால் வராது, கொஞ்சம் திருகி இழுக்க வேண்டும். சில தலைகள் உள்ளேயே நின்றுவிட்டன. மன்னிக்கவும், என் கண்ணாடி பழசு. பிறகு தண்ணீரில் அலசி, ஒரு மீனுக்கு ஒரு பாட்டிலாகப் போட்டேன். எடுத்த புழுக்களையும் வீணாக்கவில்லை, மொத்தமாக ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு அதில் உன் மருந்தை ஊற்றியிருக்கிறேன். கழிவு நூலையே சேர்த்து வைத்து எடைக்குப் போடுகிறவர்கள் நாம். உன் பேராசிரியர் இவ்வளவு சுத்தமான விரால் குடலைப் பார்த்தே இருக்க மாட்டார்.

பார்சல் நேற்று போனது.

வீட்டில் அன்றைக்குக் கொஞ்சம் ஆள் நடமாட்டம். வேறு விசேஷம் இல்லை. இப்போது மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். நாக்குக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

உன் அப்பா
ஜெகநாதன்


தூத்துக்குடி
19 செப்டம்பர் 2024

அப்பாவுக்கு,

பார்சலைப் பேராசிரியர் முன்னால் பிரித்தேன். அவர் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், பிறகு ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார். "வீட்டில் யாராவது சமைப்பதற்காக வைத்திருந்ததா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

குடலை அப்படியே எடுத்துப் போடுங்கள் என்று எழுதியிருந்தேன். 'அப்படியே' என்பது உங்களுக்குத் தெரியாத சொல் இல்லை. எந்த மீனில் எத்தனை புழு இருந்தது என்று இனி எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருக்கிறீர்கள். சுவரில் இருந்த சளியை அலசிவிட்டீர்கள். புழுவே இல்லாத குடலை வைத்துக்கொண்டு, புழுவுக்குக் குடல் என்ன செய்தது என்று நான் எழுத வேண்டும்.

நீங்கள் இதைத் தெரியாமல் செய்ததாக நான் நம்பவில்லை. நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த ஆள், சேலையில் ஒரு புட்டாப் பூவின் இடம் நூலளவு மாறினாலும் பிரித்து நெய்கிற ஆள், ஒரு வரி உத்தரவைப் படிக்கத் தெரியாமலா இருப்பீர்கள்? வேண்டுமென்றே செய்தீர்கள். மே மாதம் வாயால் சொன்னதை இப்போது இடுக்கியால் செய்திருக்கிறீர்கள். படிப்பு நின்றால் நான் வந்துதானே ஆக வேண்டும்.

குளத்தில் இன்னும் மருந்து போடாத மீன் இருக்கிறதா? அதை மட்டும் எழுதவும். வேறு எதுவும் வேண்டாம். உங்கள் நகைச்சுவை முக்கியமாக வேண்டாம்.

பானுப்ரியா


ஆரணி
30 செப்டம்பர் 2024

பானுவுக்கு,

உடம்பு இருக்கிறது.

குளத்தில் அப்படிப்பட்ட மீன் இல்லை. உன் கடிதம் கிடைத்த அன்றே கண்ணமங்கலம் பஸ் ஏறினேன். சடையன் இரண்டு நாள் முன்னாலேயே மருந்து போட்டுவிட்டான். "ஜல்தியா வந்திருக்கக் கூடாதா? இப்ப எந்த மீன் வயித்தத் தொறந்தாலும் ஒரு புழு கெடைக்காது" என்றான். அவன் சொன்னதை நம்பாமல் நான்கு மீனைத் திறந்து பார்த்தேன். சுத்தம்.

நகைச்சுவை வேண்டாம் என்றதால் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். கடைக்காரர் முன்னால் சேலையை விரிக்கும்போது அடிப்பக்கம் ஒரு பிசிறு இருந்தால்கூட முழுச் சேலையையும் ஓரமாகத் தள்ளிவிடுவார். மாதிரி என்றால் இருப்பதில் நல்லது, சுத்தமானது என்றுதான் எங்களுக்குத் தெரியும். இருப்பதிலேயே கெட்டதை, அழுக்கோடு கேட்கிற கடை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

மற்றபடி என்னைப் பற்றி நீ என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள்.

மெஸ்ஸில் புளிக்குழம்பு பரவாயில்லை.

ஜெகநாதன்


ஆரணி
14 அக்டோபர் 2024

பானுப்ரியாவுக்கு, உன் அத்தை பாஞ்சாலை எழுதிக்கொள்வது.

நான் உயிரோடு இருக்கிறேன். வெட்கம் தின்ற உயிர். நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். உங்கள் அப்பன் எனக்குச் செய்த அவமானத்தை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிச்சயம் பேசித் தட்டு மாற்ற நாள் குறித்திருந்தது. நீ இல்லாவிட்டால் என்ன, பெரியவர்கள் பேசி முடித்தால் வந்து உட்காருவாள் என்று நான்தான் போளூரில் வாக்குக் கொடுத்தேன். இரண்டு வேன். பதினோரு வகைத் தட்டு. சுதாகரின் அம்மா மாம்பழ மஞ்சளில் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் உள்ளே நுழைகிறோம், உங்கள் அப்பன் கூடத்து நடுவில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறான். காலையில் குளத்துக்குப் போனவன் உயிர் மீனை வாளியில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறான். நிச்சயத் தாம்பூலம் வைக்க நான் துடைத்து வைத்திருந்த பலகை மேல் இருபது மீன் குடல். கையில் இடுக்கி.

"இன்னாடா பண்ணிகினு கீற, எழுந்திரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "தோ முடிஞ்சிடும்கா, ஒக்காருங்க" என்றான். உட்கார எங்கே இடம்? சுதாகர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட்டு, நெளிகிற ஒரு புழுவை இடுக்கியில் தூக்கிக் காட்டினான். "பாருங்கம்மா, தலையில எம்மாம் கொக்கி. எங்க பானு ராவும் பகலும் இத்தத்தான் பாத்துகினு கீறா. கல்யாணத்துக்கு அப்புறமும் இத்தத்தான் பாத்துகினு இருப்பா. உங்க வூட்டு ஃப்ரிட்ஜில ஒரு தட்டு மட்டும் இதுக்குன்னு ஒதுக்கிடுங்க, வேற சீர் எதுவும் நாங்க கேக்கலை" என்றான்.

சுதாகரின் அப்பா, "மே மாசம் நிறுத்திடுவான்னு சொன்னீங்களேங்க" என்றார். "அப்ப சொன்னேங்க. எனக்கு இன்னா தெரியும், ஒம்பதாவது பெயிலு" என்றான்.

அந்தம்மாளுக்குக் குமட்டல் வந்துவிட்டது. தட்டுகளைக்கூட இறக்கவில்லை, இரண்டு வேனும் திரும்பிப் போயின. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அன்றோடு அவனுக்குச் சோறு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மெஸ்ஸில் தின்று சாகட்டும். நீயும் அவனும் அந்தப் புழுக்களும் சேர்ந்து குடும்பம் நடத்துங்கள்.

இனி எனக்குத் தம்பியும் இல்லை, தம்பி மகளும் இல்லை.

பாஞ்சாலை


தூத்துக்குடி
3 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

அத்தை கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு வாரமாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் வேலை. நீங்கள் அலசிய குடல்களை எறிய மனமில்லாமல், மெல்லிய சீவலாகச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். புழுவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆனால் அது குத்தியிருந்த ஒவ்வொரு இடத்திலும் குழி அப்படியே இருக்கிறது. குழியைச் சுற்றிக் குடல் கட்டிய சுவரும் இருக்கிறது. உங்கள் இடுக்கிக்கு வராத தலைகள் சில சுவருக்கு நடுவில் கொக்கியோடு நிற்கின்றன. குழிகளை எண்ணினால் எந்த மீனில் குறைந்தது எத்தனை புழு என்று வருகிறது. மொத்தத்தை உங்கள் ஊறுகாய் பாட்டிலோடு ஒத்துப் பார்த்தேன், கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. அலசியதில் சளி போய்விட்டதால் அந்த அத்தியாயத்தையே எடுக்க வேண்டியிருந்தது. பேராசிரியர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆய்வு முன்பு நினைத்ததைவிடச் சின்னது. ஆனால் டிசம்பரில் கொடுத்துவிடுவேன்.

இப்போது கேள்வி. குளக்கரையில் வெட்டச் சொன்னேன், நீங்கள் ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்? வேறு கிழமையே கிடைக்காமல் ஏன் அந்த ஞாயிறு? அந்தப் புழுக்களை எனக்காக எடுத்தீர்களா, போளூர்க்காரர்களுக்காக எடுத்தீர்களா? செப்டம்பரில் நான் அவ்வளவு எழுதியபோதும் ஏன் இதைச் சொல்லவில்லை?

ஒரு வார்த்தை எழுதினால் போதும். இந்த முறை சேலை நிறம் வேண்டாம்.

பானு


ஆரணி
15 நவம்பர் 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று சடையன் சொல்கிறான். அவன் விராலுக்கும் அதையேதான் சொன்னான், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழி நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அதைத் தறியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். சேலையிலும் அப்படித்தான், ஓடிய இழையைப் பிரித்து எடுத்தாலும் அது இருந்த இடம் வெளிச்சத்தில் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது, நெய்தவனுக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். புழு எடுக்க வெளிச்சம் வேண்டும். சடையன் கொட்டகையில் வெளிச்சம் போதாது. நம் வீட்டுக் கூடத்தில் மேலே கண்ணாடி ஓடு இருக்கிறது, உனக்கே தெரியும், சின்ன வயதில் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். அதனால் அங்கே உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அவர்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் மகள் படிக்கிற படிப்பைப் பற்றி நான்கு வார்த்தை பேசாமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா?

உன் அத்தையைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்று அவள் வீட்டு வழியாகப் போனேன். கதவைச் சாத்தினாள். போன மாதம் இதைவிட வேகமாகச் சாத்துவாள்.

சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதாதே.

உன் அப்பா
ஜெகநாதன்


தூத்துக்குடி
18 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். காய்ச்சல், சளி எதுவும் இல்லை, தூக்கம்தான் பாக்கி. உங்களுக்கு எத்தனை கிலோ குறைந்திருக்கிறது? மறைக்காமல் எழுதவும்.

கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். ஓடு, வெளிச்சம், வீட்டுப்பாடம் எல்லாம் படித்தேன். மே மாதம் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது, அதைச் சுற்றி நான் கட்டியதும் இருக்கிறது. உடனே கரையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் வருகிறேன். இரண்டே நாள். அத்தை வீட்டுக் கதவை நான் தட்டிப் பார்க்கிறேன், நீங்கள் கூட வர வேண்டாம். அந்தப் பலகையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைக்கவும்.

இன்னொன்று. இனி யாராவது பெண் பார்க்க வந்தால் குடலை மட்டும் காட்டுங்கள். புழுவில் கை வைக்காதீர்கள்.

பானு